பாட்டனாரின் பேர் எழுதிய ஏடு

இறைவனின் பேரருளால் நமது பங்கு ஜூபிலி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், இவ்வாலயத்துக்குக் கல் சுமந்த நம் பாட்டன்மாரை நன்றியோடு நினைவுகூருகின்றோம். கடல் கடந்து இம்மலைநாட்டுக்கு வந்த அவர்கள் தம் வரலாற்றை எழுதி வைத்தவர்கள் அல்லர். ஆயினும், நம் வீட்டுத் தகரப் பெட்டிகளில் கிடக்கும் பழைய தாள்களை ஒழுங்காக அடுக்கிப் பார்த்தால் அவ்வரலாறு தெரியவரும்.

அவற்றுள் மிகப் பழையது 'துண்டு'. தொழிலாளி பட்ட கடன் இவ்வளவு, அதைச் செலுத்தினால் அவரை விட்டுவிடலாம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டம் அதை ஒழித்தது. அடுத்தது தகர டிக்கெட். கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த அச்சிறு தகட்டில் எழுத்தும் இலக்கமுமே உண்டு, பேர் இல்லை. 1904இல் திருச்சிராப்பள்ளியில் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் அலுவலகம் ஏற்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன் மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்தவர்களில் கொள்ளை நோய்க்குப் பலியானோர் பலர்.

துண்டு நம் பாட்டனாரைக் கடனாகக் கண்டது. தகடு இலக்கமாகக் கண்டது. தோட்டத்துச் செக்ரோல் நாட்கூலியாகக் கண்டது. அவரை இன்னாரின் மகன் என்று எழுதி வைத்தது ஆலயத்து ஞானஸ்நானப் பதிவேடே. தாய் தந்தையர் பேர், ஞானத் தாய் தந்தையர் பேர், நாள், இடம், குருவானவரின் கையொப்பம் யாவும் அதில் உண்டு.

கண்டி மேற்றிராசனத்தில் பணிபுரிந்த சில்வெஸ்திரிய ஆசீர்வாதப்பர் சபைக் குருக்கள் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். பதிவேட்டு மொழியோ இலத்தீன். ஆகவே தேடுவோர் ஒன்றை மனதிற்கொள்ள வேண்டும். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பெத்ருஸ் என்றும், கடவுச்சீட்டில் பீற்றர் என்றும் இருக்கக்கூடும். சூசை என்பவரே யோசேப்பு. அருளப்பன் என்பவரே யோவான். ஒருவரே மூவராகத் தோன்றும் இக்குழப்பத்தை, பெற்றோர் பேரை ஒப்பிட்டுத் தீர்க்கலாம்.

இது வெறும் ஆராய்ச்சி இன்பத்துக்காகச் சொல்லப்படுவதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையாவது, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமாவது இத்தீவில் பிறந்ததை நிரூபிக்கக் கேட்டது. லயத்துக் காம்பிராவில் பிறந்தவர் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவார்? 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அண்ணன் இராமேஸ்வரம் போக, தம்பி இங்கே நின்ற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த 1964 அக்டோபர் 30 முதல் இங்கு வாழ்ந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்குமே உரிமை வழங்கியது. ஒரு பழைய தாள் இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றிய காலம் அது.

இன்னொரு வழியும் உண்டு. ஒருவரின் திருமணச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அறிவித்து, அங்குள்ள ஏட்டின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்பது 1908 முதல் திருச்சபையின் கட்டளை. எனவே பாட்டனார் இங்கே மணமுடித்திருந்தாலும், அவர் பிறந்த ஊர் ஆலயத்து ஏட்டின் ஓரத்தில் நம் பங்கின் பேர் காணப்படலாம். அங்கே எழுதிக் கேட்டால், பிரிந்த உறவும் கிட்டக்கூடும்.

ஆகவே அன்பார்ந்த பங்கு மக்களே! பெட்டியில் உள்ள தாள்களைக் கறையானுக்கு விட்டுவிடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். முதியோரைக் கேட்டு, பேர்களையும் ஊர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். இலக்கமாக வந்தவர்களைப் பேர் சொல்லி அழைத்தது நம் தாயாம் திருச்சபை. அப்பேர்களை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே இந்த ஜூபிலி ஆண்டில் நாம் அவர்களுக்குச் செய்யும் கைம்மாறு. அவர்தம் ஆன்மாக்கள் இறைவனில் இளைப்பாறுவனவாக!