அடுக்குமாடிக் குடியிருப்பும் கரப்பான் பூச்சியும்: நியூயார்க் நகர வரலாறு

நகர அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மனிதர்களோடு சேர்ந்து வாழும் பூச்சிகளில் முதலிடம் பெறுவது கரப்பான் பூச்சி. இலங்கைத் தமிழில் இதைக் கரப்பொத்தான் என்பர். ஒரு வீட்டில் கரப்பான் பெருகினால் அதற்கு அந்த வீட்டாரின் துப்புரவுக் குறைவே காரணம் என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தது. ஆனால் ஒரே சுவரையும் ஒரே குழாய் வரிசையையும் பல குடும்பங்கள் பகிர்ந்துகொள்ளும் கட்டடத்தில் ஒரு வீடு மட்டும் தூய்மையாக இருந்து பயனில்லை. இந்த எளிய உண்மையைச் சட்டம் முழுமையாக ஏற்றுக்கொள்ள, அமெரிக்காவின் நியூயார்க் நகரில் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த வரலாற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

வீட்டுக் கரப்பான் இனங்கள்

உலகில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கரப்பான் இனங்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை காடுகளில் வாழ்பவை. மனிதர் வாழும் இடங்களில் தொல்லை தருபவை மிகச் சிலவே. அவற்றுள் இரண்டு முக்கியமானவை.

முதலாவது அமெரிக்கக் கரப்பான். இது ஏறத்தாழ 4 செ.மீ. நீளம் வளரும், செம்பழுப்பு நிறமுடையது. சாக்கடை, கழிவுநீர்க் குழாய், நிலவறை போன்ற ஈரமான இடங்களில் வாழும். பெயரில் அமெரிக்கா இருந்தாலும் இது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களில் சென்ற இனம் என்பது அறிஞர் கருத்து.

இரண்டாவது ஜெர்மன் கரப்பான். இதன் அறிவியல் பெயர் பிளாட்டெல்லா ஜெர்மானிக்கா. நீளம் ஒன்றரை செ.மீ. அளவே இருக்கும். வெளிர் பழுப்பு நிறம். தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள் காணப்படும். சமையலறைகளில் கூட்டமாகக் காணப்படுவது பெரும்பாலும் இதுவே. பெண் கரப்பான் 30 முதல் 40 முட்டைகள் கொண்ட கூட்டை, குஞ்சு பொரிக்கும் நேரம் வரை உடலோடு சுமந்து திரியும். குஞ்சுகள் ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முழு வளர்ச்சி அடைந்துவிடும். எனவே ஒரு பெண் கரப்பான் ஒரு வீட்டில் நுழைந்தாலே சில மாதங்களில் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும்.

பிறந்த இடமும் பரவிய வழியும்

ஜெர்மன் கரப்பானுக்கு 1767ஆம் ஆண்டில் அறிவியல் பெயர் சூட்டியவர் சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ். ஐரோப்பிய மக்களோ இதற்கு ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தனர். ரஷ்யர்கள் இதைப் 'பிரஷ்யாக்காரன்' என்று பொருள்படும் 'புருசாக்' என்ற சொல்லால் அழைத்தனர். ஜெர்மானியர்களில் சிலர் இதை 'ரஷ்யன்' என்றனர். பூச்சி எப்போதும் அடுத்தவன் வீட்டிலிருந்தே வந்தது என்ற எண்ணம் இப்பெயர்களில் தெரிகிறது.

இது உண்மையில் எங்கிருந்து வந்தது என்பது 2024ஆம் ஆண்டில் வெளியான ஒரு மரபணு ஆய்வின் மூலம் தெளிவாயிற்று. 17 நாடுகளிலிருந்து சேகரிக்கப்பட்ட 281 கரப்பான்களை ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். ஏறத்தாழ 2,100 ஆண்டுகளுக்கு முன், இந்தியா அல்லது மியான்மரில், ஆசியக் கரப்பான் என்னும் வயல்வெளி இனத்திலிருந்து இது பிரிந்து மனிதக் குடியிருப்புகளுக்கு ஏற்ப மாறியிருக்க வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் இது மேற்கே மத்திய கிழக்கு நாடுகளுக்குச் சென்றது. ஏறத்தாழ 390 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய வணிகக் குழுமங்களின் காலத்தில் கிழக்கே இந்தோனேசியாவை நோக்கிப் பரவியது. ஐரோப்பாவை அடைந்தது சுமார் 270 ஆண்டுகளுக்கு முன்புதான். இன்று இந்த இனம் மனிதர் கட்டிய கட்டடங்களை விட்டு வெளியே எங்கும் இயல்பாக வாழ்வதாகத் தெரியவில்லை.

நெரிசல் குடியிருப்புகள்

19ஆம் நூற்றாண்டில் அயர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்தும், பின்னர் இத்தாலி, கிழக்கு ஐரோப்பா ஆகிய பகுதிகளிலிருந்தும் இலட்சக்கணக்கானோர் நியூயார்க்கில் குடியேறினர். அவர்களுக்காக 25 அடி அகலமும் 100 அடி நீளமும் கொண்ட சிறு மனைகளில் ஐந்து, ஆறு மாடிக் கட்டடங்கள் எழுந்தன. ஒரு மாடிக்கு நான்கு குடும்பங்கள் வரை வாழ்ந்தன. உள்ளறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடையாது.

1879ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வோர் அறைக்கும் வெளிக்காற்று வரும் சன்னல் வேண்டும் என்றது. கட்டட உரிமையாளர்கள் இரு கட்டடங்களுக்கு இடையே ஒரு குறுகிய காற்றுச்சந்து விட்டு அதை நிறைவேற்றினர். மேல்மாடிகளிலிருந்து குப்பையை இறக்கிச் செல்ல வசதியில்லாத நிலையில், பலர் அதை அந்தச் சந்திலேயே வீசினர். காற்றுக்காக விடப்பட்ட இடம் எலிக்கும் கரப்பானுக்கும் உணவுக்கிடங்காக மாறியது. 1890இல் ஜேக்கப் ரீஸ் என்ற இதழாளர் இக்குடியிருப்புகளைப் படம்பிடித்து நூலாக வெளியிட்டார். 1901ஆம் ஆண்டுச் சட்டம் புதிய கட்டடங்களில் அகலமான முற்றமும், வீட்டுக்கொரு கழிப்பறையும் கட்டாயம் என்றது. ஏற்கெனவே கட்டப்பட்டிருந்த பழைய கட்டடங்கள் பல ஆண்டுகள் அப்படியே பயன்பாட்டில் இருந்தன.

குரோட்டன் பூச்சி

1842இல் நியூயார்க் நகருக்குச் சுமார் 66 கி.மீ. தொலைவிலுள்ள குரோட்டன் ஆற்றிலிருந்து குடிநீர் கொண்டுவரப்பட்டது. பின்னர் வீடுகளில் சிறு கரப்பான்கள் மிகுதியாகக் காணப்படவே, அவை தண்ணீரோடு வந்தவை என்று மக்கள் நம்பி, 'குரோட்டன் பூச்சி' என்று பெயரிட்டனர். இதுவே ஜெர்மன் கரப்பான்.

பூச்சி ஆற்றிலிருந்து வரவில்லை. ஆயினும் மக்கள் கண்டதில் ஓர் உண்மை இருந்தது. குழாய்கள் வந்தபோது சுவர்களிலும் தளங்களிலும் துளைகள் ஏற்பட்டன. குழாயைச் சுற்றி ஈரம் தங்கியது. அதன்பின் வந்த நீராவிக் குழாய்கள் குளிர்காலத்திலும் கட்டடத்தைச் சூடாக வைத்திருந்தன. கடுங்குளிரில் வெளியே உயிர்வாழ முடியாத இப்பூச்சிக்கு ஆண்டு முழுவதும் வெப்பமும் நீரும் உணவும் ஒரே இடத்தில் கிடைத்தன. ஒரு வீட்டில் விரட்டினால் குழாய்த் துளை வழியாக அடுத்த வீட்டுக்குச் சென்று, அடங்கியபின் திரும்பி வந்தது.

மருந்துகளின் காலம்

தொடக்கத்தில் போராக்ஸ், சோடியம் புளோரைடு, ஒருவகைச் செவ்வந்திப் பூவிலிருந்து எடுக்கப்படும் பைரித்ரம் ஆகிய தூள்கள் தூவப்பட்டன. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கட்டடங்களில் ஐதரசன் சயனைடு வாயு செலுத்தும் முறையும் இருந்தது. விரிசல்கள் வழியாக இவ்வாயு பக்கத்து வீட்டுக்குள் புகுந்து உயிரிழப்பு ஏற்பட்ட நிகழ்வுகளும் உண்டு. பூச்சி செல்லும் வழியில் நஞ்சும் சென்றது.

டி.டி.டி.யின் பூச்சிகொல்லித் திறனை 1939இல் சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் கண்டறிந்தார். 1948இல் நோபல் பரிசு பெற்றார். போருக்குப்பின் இது வீடுகளுக்கு வந்தது. மூட்டைப்பூச்சி பெருமளவு ஒழிந்தது. கரப்பானுக்கு எதிராகக் குளோர்டேன் என்ற மருந்து புகழ்பெற்றது. ஆனால் 1950களின் தொடக்கத்திலேயே டெக்சாஸ் மாநிலத்தின் கார்பஸ் கிறிஸ்டி நகரில் குளோர்டேனுக்கு மடியாத ஜெர்மன் கரப்பான்கள் கண்டறியப்பட்டன. மருந்தில் பிழைத்தவை மட்டுமே இனம் பெருக்கியதால், அடுத்த தலைமுறைகள் எதிர்ப்புத்திறனுடன் பிறந்தன. அதன்பின் வந்த மருந்துகளுக்கும் இதே கதி நேர்ந்தது.

நீதிமன்றத்துக்கு வந்த எலிகள்

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின மக்கள் பழுதடைந்த கட்டடங்களில் வாழ்ந்தனர். 1963இன் பிற்பகுதியில் ஜெஸ்ஸி கிரே என்பவரின் தலைமையில் அங்கு வாடகை மறுப்புப் போராட்டம் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் வாடகை வழக்குக்கு வந்த குடியிருப்போர், தங்கள் வீடுகளில் பிடித்த எலிகளை நீதிமன்றத்துக்கே கொண்டுவந்து காட்டினர். வாடகையை உரிமையாளரிடம் தராமல் நீதிமன்றத்தில் செலுத்தலாம் என்று நீதிபதி அனுமதித்தார். வீட்டிலுள்ள எலிக்குப் பொறுப்பு யார் என்ற கேள்வி அப்போது நாடு முழுவதும் பேசப்பட்டது.

1967இல் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் நகரங்களில் எலியை ஒழிக்க 4 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவை முன்வைத்தார். ஜூலை 20 அன்று பிரதிநிதிகள் அவை அதை விவாதத்துக்கு எடுக்கவே மறுத்தது. உறுப்பினர் சிலர் எலியைப் பற்றிக் கேலி பேசிச் சிரித்தனர். இதற்குக் கடும் கண்டனம் எழுந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வேறொரு சுகாதாரச் சட்டத்தின் வழியாக நிதிக்கு வகை செய்யப்பட்டது.

ஆஸ்துமா

கரப்பான் அருவருப்பூட்டும் பூச்சி என்பதற்கு மேலாக நோய்க் காரணி என்பது படிப்படியாகவே தெரியவந்தது. அதன் எச்சம், உமிழ்நீர், உதிர்ந்த தோல் ஆகியவை தூளாகி வீட்டுத் தூசியில் கலக்கின்றன. இவற்றால் சிலருக்கு ஒவ்வாமை ஏற்படுகிறது.

அமெரிக்காவின் எட்டு நகர்ப்புறப் பகுதிகளில் ஆஸ்துமா உள்ள 476 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1997இல் வெளியானது. அவர்களில் 36.8 விழுக்காட்டினருக்குக் கரப்பான் ஒவ்வாமை இருந்தது. படுக்கையறைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கரப்பான் தூசு மிகுந்திருந்தது. ஒவ்வாமையும் தூசும் சேர்ந்து அமைந்த குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட விகிதம் மற்றவர்களைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

மறுபுறம் மருந்தும் தீங்கு செய்தது. வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளின் கர்ப்பிணிகளிடம் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் ஆய்வு நடத்தினர். குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிகொல்லி தொப்புள்கொடி இரத்தத்தில் மிகுந்திருந்தபோது, குழந்தையின் பிறப்பு எடை குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. 2000ஆம் ஆண்டில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி இம்மருந்தின் வீட்டுப் பயன்பாடு அமெரிக்காவில் நிறுத்தப்பட்டது. ஆக, ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் பூச்சியாலும் பாதிக்கப்பட்டனர். பூச்சி மருந்தாலும் பாதிக்கப்பட்டனர்.

இனிப்பை வெறுத்த கரப்பான்

1980களில் தெளிப்பு மருந்துக்கு மாற்றாக, இனிப்பில் நஞ்சு கலந்த இரைகள் வந்தன. சில ஆண்டுகளிலேயே சில குடியிருப்புகளில் கரப்பான்கள் அவற்றைத் தொடாமல் விலகின. காரணம் குளுக்கோஸ் மீதான வெறுப்பு என்றும், அது மரபு வழியாகக் கடத்தப்படுகிறது என்றும் 1993இல் ஜூல்ஸ் சில்வர்மேன் நிறுவினார். இக்கரப்பான்களுக்குக் குளுக்கோஸ் கசப்பை உணரும் நரம்புகளைத் தூண்டுகிறது என்று 2013இல் வட கரோலினா ஆய்வாளர்கள் காட்டினர். இரையில் வேறு இனிப்புகளைப் பயன்படுத்த வேண்டியதாயிற்று. ஒரே மருந்தை நம்பியிருப்பது பயன் தராது என்பதற்கு இது மற்றொரு சான்று.

கட்டடம் முழுவதற்குமான தீர்வு

மருந்தை மட்டும் நம்பாமல் பூச்சியின் உணவு, நீர், வழி, ஒளிவிடம் ஆகிய நான்கையும் தடுக்கும் முறை ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை எனப்படும். விரிசல்களையும் குழாய்த் துளைகளையும் அடைத்தல், நீர்க்கசிவைச் சரிசெய்தல், குப்பையை மூடிவைத்தல், தேவையான இடத்தில் மட்டும் பசை இரையும் போரிக் அமிலமும் இடுதல் ஆகியவை இதில் அடங்கும்.

நியூயார்க் சுகாதாரத் துறை, நகரின் பொதுக் குடியிருப்புகளில் இம்முறையை வழக்கமான மருந்துத் தெளிப்புடன் ஒப்பிட்டு 2009இல் முடிவை வெளியிட்டது. பயிற்சி பெற்ற குழு வந்து துப்புரவு செய்து, துளைகளை அடைத்து, இரை வைத்த வீடுகளில் ஆறு மாதங்களுக்குப் பின்னும் கரப்பான் குறைவாகவே இருந்தது.

ஹார்லெமைச் சேர்ந்த 'வீ ஆக்ட்' உள்ளிட்ட அமைப்புகள் பல ஆண்டுகள் வலியுறுத்தியதன் விளைவாக, 2018இல் நகர மன்றம் 55ஆம் எண் உள்ளாட்சிச் சட்டத்தை இயற்றியது. 2019 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின்படி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் உள்ள கட்டடங்களின் உரிமையாளர்கள் ஆண்டுதோறும் பூச்சி, எலி, பூஞ்சை உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். இருந்தால் ஒருங்கிணைந்த முறையில் அகற்ற வேண்டும். துளைகளை அடைப்பதும் கசிவை நிறுத்துவதும் அவர்களின் கடமை. வீட்டைத் தூய்மையாக வைப்பதும், குறைகளைத் தெரிவிப்பதும் குடியிருப்போரின் கடமை. உரிமையாளர் கவனிக்காவிட்டால் 311 என்ற எண்ணில் புகார் செய்யலாம்.

வரலாறு தரும் பாடம்

சட்டம் வந்ததால் நியூயார்க்கில் கரப்பான் ஒழிந்துவிடவில்லை. பழைய கட்டடங்களும் நிறைவேறாத பழுதுபார்ப்புகளும் இன்னும் உள்ளன. ஆனால் பழியைக் குடியிருப்போர் மீது மட்டும் சுமத்தும் வழக்கம் மாறியது.

சென்னை போன்ற நகரங்களின் அடுக்குமாடிச் சமையலறைகளில் காணப்படும் சிறு கரப்பானும் இதே இனம்தான். ஒரு வீட்டில் மட்டும் மருந்தடித்தால் அது பக்கத்து வீட்டுக்குச் சென்று திரும்பும் என்பது இங்கும் பொருந்தும். அடுக்ககச் சங்கங்கள் எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் இரை வைப்பதும், பொதுக் குழாய்ச் சந்துகளில் உள்ள துளைகளை அடைப்பதும், குப்பையை அன்றாடம் அகற்றுவதும் தனித்தனியாக மருந்தடிப்பதைவிட மிகுந்த பயன் தரும்.