பாரி சாண்டர்ஸ்

பாரி சாண்டர்ஸ் (பிறப்பு: 16 ஜூலை 1968, விச்சிட்டா, கான்சஸ்) அமெரிக்கக் கால்பந்தாட்டத்தில் பெயர்பெற்ற முன்னாள் ரன்னிங் பேக். 1989 முதல் 1998 வரை பத்துப் பருவங்களும் டெட்ராய்ட் லயன்ஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி, 15,269 யார்டு ஓடினார்.

ஒக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் முதலில் தர்மன் தாமஸுக்கு மாற்று ஆட்டக்காரராகவே இருந்தார். தாமஸ் சென்றபின் 1988-இல் இடம் கிடைத்தது. அந்த ஆண்டு 11 ஆட்டங்களில் 2,628 யார்டு ஓடி 37 டச் டவுன் எடுத்தார். கல்லூரி ஆட்டக்காரர்களில் சிறந்தவருக்கான ஹெய்ஸ்மன் கோப்பையும் வென்றார். மறு ஆண்டு, தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் தேர்வில் லயன்ஸ் அவரை மூன்றாவதாக எடுத்தது.

ரன்னிங் பேக்கின் வேலை, குவார்ட்டர்பேக் தரும் பந்தை வாங்கிக்கொண்டு தடுப்பாட்டக்காரர்களைக் கடந்து ஓடுவது. பெரும்பாலோர் தம் அணியினர் திறந்துவிடும் இடைவெளியில் நேராக முட்டிச் செல்வார்கள். 5 அடி 8 அங்குல உயரமே கொண்ட சாண்டர்ஸ் வழி அடைபட்டால் நின்று, திரும்பி, பின்வாங்கி, எதிர்ப்பக்கம் புதிய வழி தேடுவார். இதற்கு விலையும் உண்டு. 1994 பருவத்தில் 1,883 யார்டு ஓடியவர், கிரீன் பே அணிக்கு எதிரான நாக்அவுட் ஆட்டத்தில் 13 முறை பந்தை ஏந்தியும் கழித்தல் ஒரு யார்டில் முடங்கினார். இத்தகைய இழப்புகள் இருந்தும் அவருடைய ஆட்டவாழ்வுச் சராசரி, ஓட்டத்துக்கு 5 யார்டு. பின்வாங்கி வழி தேடும் அந்தத் துணிவுக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1997 அவருடைய உச்சம். முதல் இரண்டு ஆட்டங்களில் மொத்தம் 53 யார்டுதான். பிறகு தொடர்ந்து 14 ஆட்டங்களிலும் நூறைத் தாண்டினார். 2,053 யார்டுடன் பருவத்தை முடித்து, ஒரே பருவத்தில் இரண்டாயிரம் கடந்த மூன்றாவது வீரரானார். சிறந்த ஆட்டக்காரர் விருதை பிரெட் ஃபார்வுடன் பகிர்ந்துகொண்டார்.

சாதனைக் கணக்குகள் அவரை ஈர்க்கவில்லை. 1989-இன் கடைசி ஆட்டத்தில், லீகிலேயே அதிக யார்டு ஓடியவர் என்ற பட்டத்துக்குப் பத்து யார்டே குறைவாக இருந்தபோதும், வெற்றி உறுதியாகிவிட்டதால் மீண்டும் களமிறங்க மறுத்தார். பட்டம் கிறிஸ்டியன் ஒகோயாவுக்குப் போனது. டச் டவுன் எடுத்தாலும் ஆடிப்பாடிக் கொண்டாடாமல் பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டு நடப்பார்.

அவர் காலத்தில் லயன்ஸ் வென்ற நாக்அவுட் ஆட்டம் ஒன்றே: 1992 ஜனவரியில் டல்லாஸை 38-6 என வீழ்த்தியது. 1999 ஜூலையில், பயிற்சி முகாம் தொடங்கும் வேளையில், சொந்த ஊர் நாளிதழான விச்சிட்டா ஈகிளுக்குத் தொலைநகல் அனுப்பி ஓய்வை அறிவித்தார். ஆட்டவாழ்வில் அதிக யார்டு ஓடிய வால்டர் பேட்டனின் 16,726 யார்டு சாதனைக்கு 1,457 யார்டு மட்டுமே மீதமிருந்தது; உடல் தளரவும் இல்லை. அணியின் தொடர்தோல்விகளால் வெல்லும் நம்பிக்கை போய்விட்டது என்று பின்னாளில் விளக்கினார். ஒப்பந்தத்தின்போது பெற்ற ஊக்கத்தொகையில் ஒரு பகுதியை அணிக்குத் திருப்பித் தரவேண்டியும் வந்தது.

2004-இல் கேன்டனிலுள்ள அமெரிக்கக் கால்பந்தாட்டப் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். 2023-இல் டெட்ராய்ட் ஃபோர்டு ஃபீல்டு அரங்கின் வெளியே அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.