மின்னேற்றி யாருடன் பேசுகிறது? பெல்மதுளைச் சந்தியிலிருந்து ஒரு பார்வை

பெல்மதுளையில் வீதி இரண்டாகப் பிரிகிறது. ஏ18 எம்பிலிப்பிட்டிய வழியாக நோனாகமவுக்கு இறங்குகிறது. ஏ4 பலாங்கொடை, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் ஊடாக மட்டக்களப்பு வரை நீள்கிறது. கொழும்பிலிருந்து மின்சார வாகனத்தில் கிழக்குக்குப் போகும் ஒருவர், மலை ஏறுமுன் பற்றரியின் அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இடம் இது. ஏற்றத்தில் மின்சாரம் வேகமாகக் கரையும். வழியிலுள்ள மின்னேற்றி வேலை செய்யாவிட்டால் பயணம் அங்கேயே நின்றுவிடும்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது. 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாகக் காத்திருந்த அனுபவமும் பலரை மின்சார வாகனத்தின் பக்கம் திருப்பியிருக்கிறது. ஆனால் மின்னேற்றி என்பது வெறும் பிளக் அல்ல. அது இணையத்தில் இணைந்த ஒரு கணினி. அது யாருடன், எந்த மொழியில் பேசுகிறது என்பதை அறிந்திருப்பது பாவனையாளருக்கு நல்லது.

இரண்டு உரையாடல்கள்

முதலாவது, வாகனத்துக்கும் மின்னேற்றிக்கும் இடையிலானது. எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம், கேபிள் சரியாகப் பூட்டப்பட்டுள்ளதா என்பவற்றை ஐஈசி 61851 நியமப்படியான சமிக்ஞை தீர்மானிக்கிறது. கடுகதி மின்னேற்றலில் வாகனங்கள் வெவ்வேறு மொழி பேசுகின்றன. இலங்கைக்கு அதிகம் வந்த நிசான் லீஃப் போன்ற ஜப்பானிய வாகனங்கள் சாடெமோ முறையைப் பயன்படுத்துகின்றன. புதிய வாகனங்கள் பலவற்றில் இருப்பது சிசிஎஸ்2. ஒன்றின் பிளக் மற்றதற்குப் பொருந்தாது. அட்டையோ செயலியோ இன்றி வாகனமே தன்னை அடையாளப்படுத்திப் பணம் செலுத்த வழிசெய்வது ஐஎஸ்ஓ 15118 நியமம்.

இரண்டாவது, மின்னேற்றிக்கும் அதை நடத்தும் நிறுவனத்தின் சேவையகத்துக்கும் இடையிலானது. இதற்கு உலகெங்கும் பரவலாகப் பயன்படுவது ஓசிபிபி எனும் திறந்த நெறிமுறை. 2009இல் நெதர்லாந்தில் தொடங்கியது. 2015இல் வெளியான 1.6 பதிப்பு இன்னும் பெருமளவில் புழக்கத்தில் உள்ளது. 2020இல் வந்த 2.0.1 பதிப்பு பாதுகாப்பு ஏற்பாடுகளை நெறிமுறைக்குள்ளேயே கொண்டுவந்தது. பின்னர் அது ஐஈசி 63584 என்ற சர்வதேச நியமமாகவும் ஏற்கப்பட்டது. திறந்த நெறிமுறை என்பதால் ஒரு நிறுவனத்தின் மின்னேற்றியை இன்னொரு நிறுவனத்தின் மென்பொருள் இயக்கலாம். நடத்தும் நிறுவனம் கைவிட்டுப் போனாலும் இயந்திரம் பழைய இரும்பாகிவிடாது.

எங்கே ஆபத்து?

முதல் ஆபத்து, தொடர்பு அறுந்துபோவது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் வெள்ளமும் மண்சரிவும் புதியவை அல்ல. 2016 மே மாத அரநாயக்க மண்சரிவும் 2017 மே மாத வெள்ளமும் நினைவில் உள்ளவை. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளாக்கியது. மின்சாரம் இருந்தும் கைபேசிச் சமிக்ஞை இல்லாத வேளையில் மின்னேற்றி என்ன செய்யும்? அனுமதிக்கப்பட்ட அட்டைகளின் பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொண்டு மின்னேற்றி, கணக்கைப் பின்னர் அனுப்ப ஓசிபிபி இடமளிக்கிறது. அந்த வசதியை இயக்கி வைப்பதா இல்லையா என்பது நிறுவனத்தின் தீர்மானம்.

இரண்டாவது, வேண்டாதவர் உள்ளே நுழைவது. சேவையகம் மின்னேற்றியைத் தொலைவிலிருந்து நிறுத்தலாம், மென்பொருளை மாற்றலாம். அதே கதவு பிறருக்கும் திறக்கக்கூடும். 2022 பெப்ரவரியில் மொஸ்கோவையும் சென் பீட்டர்ஸ்பேர்க்கையும் இணைக்கும் எம்11 நெடுஞ்சாலையில் மின்னேற்றிகள் செயலிழந்து, திரைகளில் புட்டினுக்கு எதிரான வாசகங்கள் ஓடின. பாகங்களை வழங்கிய உக்ரேனிய நிறுவனம் இரகசிய வழியொன்றை வைத்திருந்ததாக ரஷ்ய மின் நிறுவனமான ரொசெட்டி கூறியது. அதே ஆண்டு ஏப்ரலில் இங்கிலாந்தின் வைட் தீவில் உள்ளூராட்சி சபையின் மின்னேற்றித் திரைகளில் ஆபாசத் தளம் தோன்றியது. சிசிஎஸ் மின்னேற்றலை 47 மீற்றர் தூரத்திலிருந்தே வானொலி அலைகளால் குழப்பி நிறுத்தலாம் என்பதையும் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் சுவிஸ் ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2022இல் காட்டினர்.

மூன்றாவது, தரவு. ஒவ்வொரு முறையும் அட்டை இலக்கம், இடம், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், எடுத்த அலகுகள் பதிவாகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இது வெறும் மின்கட்டணம். ஆறு மாதப் பதிவைச் சேர்த்துப் பார்த்தால், ஒருவர் எங்கே வசிக்கிறார், எந்த நாளில் எந்த ஊருக்குப் போகிறார் என்பது தெரிந்துவிடும். சோதனைச் சாவடிகளில் பெயர் பதிந்து, வீட்டு ஆட்களின் பட்டியலைக் கையளித்து வாழ்ந்த நமக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களுக்கும் அது தெரியும்.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், குறித்த நோக்கத்துக்காகத் தேவையான தரவை மட்டுமே சேகரிக்க வேண்டும் என்கிறது. தன் தரவைப் பார்க்கவும் திருத்தவும் அழிக்கக் கோரவும் உரிமை தருகிறது. ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வருவது பிற்போடப்பட்டது. சட்டம் முழுமையாக இயங்கும் முன்பே தரவு சேரத் தொடங்கிவிடுகிறது.

பாவனையாளர் செய்யக்கூடியவை

• பயணத்துக்கு முன் பிளக் வகையை உறுதிசெய்யுங்கள். ஒரே மின்னேற்றியை நம்பிப் புறப்பட வேண்டாம்.

• மின்னேற்றியில் ஒட்டப்பட்ட கியூஆர் குறியீட்டின் மேல் வேறு ஸ்டிக்கர் உள்ளதா எனப் பாருங்கள். போலிக் குறியீட்டால் பணம் பறிப்பது வெளிநாடுகளில் நடந்திருக்கிறது. செயலி வழியே செலுத்துவது பாதுகாப்பானது.

• செயலி கேட்கும் எல்லா அனுமதியையும் கொடுக்காதீர்கள். தொடர்பு இலக்கங்களின் பட்டியல் மின்னேற்றலுக்குத் தேவையில்லை.

• வீட்டில் மின்னேற்றி பொருத்துமுன் மின் இணைப்பின் அளவைப் பாருங்கள். 7 கிலோவாற் மின்னேற்றி 30 ஆம்பியர் இணைப்பை முழுமையாக விழுங்கிவிடும். தோட்ட லயன்களின் பழைய வயரிங் அதைத் தாங்காது.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவை

எந்த ஓசிபிபி பதிப்பு? சேவையகத்துடனான தொடர்பு மறைகுறியாக்கப்பட்டதா? தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்பட்டதா? சமிக்ஞை இல்லாதபோது இயங்குமா? பதிவுகள் எத்தனை மாதம் வைக்கப்படும், யாருக்குக் கொடுக்கப்படும்? பிரதேச சபை தன் காணியைக் குத்தகைக்குக் கொடுக்குமுன் இக்கேள்விகளை ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம். பின்னர் கேட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. கோளாறுச் செய்தியும் அவசர நிறுத்தப் பொத்தானின் அறிவுறுத்தலும் தமிழிலும் இருக்க வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. புகை வரும் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு வாசிக்கத் தெரியாத எச்சரிக்கையால் என்ன பயன்? தொடர்பாடல் நியமம் இயந்திரங்களோடு முடிந்துவிடுவதில்லை.