கரிசல் பள்ளிகளில் கண் பரிசோதனை

பிறந்ததிலிருந்து மங்கலாகவே பார்க்கும் பிள்ளைக்குத் தன் பார்வையில் குறை இருப்பது தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் தெரிகிறது என்றே அது நினைக்கும். கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லாது. எழுத்தைத் தப்பாகப் படித்தால் மக்கு என்ற பெயர்தான் மிஞ்சும். அதனால் குழந்தைகளின் கண் சோதனை ஆஸ்பத்திரியில் காத்திராமல் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. பாஞ்சாலங்குறிச்சி, எட்டயபுரம், கோவில்பட்டி என்று நீளும் மானாவாரிக் கரிசல் பூமியில் அது வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின.

பார்வையை அளக்கும் எழுத்தட்டையை நெதர்லாந்தின் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862இல் உருவாக்கினார். ஆறு மீட்டர் தூரமும் நல்ல வெளிச்சமும் இருந்தால் எங்கும் மாட்டலாம். ஆயினும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கென முதலில் எழுந்தது, பார்வை போனபின் கைகொடுக்கும் இடம்தான்: 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பாளையங்கோட்டையில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளி.

எட்டயபுரம் வட்டாரத்து அயன் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. தாளும் பென்சிலும் இல்லாமல் ஆற்றுமணலைப் பரப்பி விரலால் எழுதிப் படித்தவர். முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு கண் அறுவை பழகி, 1956இல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியின் கண் பிரிவுத் தலைவரானார். மருத்துவர்களைக் கிராமங்களுக்கு அழைத்துப் போய்க் கண் முகாம்கள் நடத்தினார். ஓய்வு பெற்ற 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். திருநெல்வேலிக் கிளை 1988இல் வந்தது. முகாமுக்குத் திரண்டவர்களில் பெரும்பாலோர் கண்புரை கண்ட முதியவர்கள். பிள்ளைகளைத் தேட வேறு இடம் வேண்டியிருந்தது.

அந்த இடம் பள்ளிக்கூடம். காமராசர் மதிய உணவுத் திட்டத்தை 1956இல் தொடங்கிவைத்ததும் எட்டயபுரத்தில்தான். சோறு பிள்ளைகளை ஒரே கூரையின் கீழ் கூட்டியது. பின்னாளைய எல்லாப் பள்ளிப் பரிசோதனைகளுக்கும் அதுவே அடித்தளம் என்று சொல்லலாம். ஆனால் கோவில்பட்டி, சிவகாசிப் பக்கம் ஏராளமான பிள்ளைகள் விடியுமுன்னே தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையை எந்த அட்டையும் எட்டவில்லை. 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்த 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்தது. நடைமுறையில் அவர்கள் வகுப்பறைக்கு வர மேலும் காலம் பிடித்தது.

தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டம் 1994 முதல் ஆசிரியர்களையே முதற்கட்டப் பரிசோதகர்களாக்கியது. பல பக்கம் திரும்பிய ஆங்கில 'ஈ' (E) வடிவங்கள் உள்ள அட்டையும் அளவுநாடாவும் போதும்; ஒரு கண்ணை மூடிக்கொண்டு, 'ஈ'யின் கால்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்டும். தவறியவர்களைக் கண் மருத்துவ உதவியாளர் மறுபடி பார்த்துக் கண்ணாடிக்குப் பரிந்துரைப்பார். தமிழக அரசின் 'கண்ணொளி காப்போம் திட்டம்' 2009இல் தொடங்கி, மாணவர்களுக்குக் கண்ணாடியை இலவசமாக்கியது. கூலி வீட்டுப் பிள்ளைக்கு இது சிறு உதவியல்ல. கண்டுபிடித்த குறைக்குக் கண்ணாடி கிடைக்காவிட்டால் பரிசோதனையே வீண்.

அட்டைக்கு ஓர் எல்லை உண்டு: பிள்ளை பதில் சொல்ல வேண்டும். மூன்று வயதுக் குழந்தையிடம் அது சிரமம். ஒரு கண் சரியாகப் பயன்படாமல் மங்கிப்போகும் 'சோம்பல் கண்'ணைச் சரிசெய்ய ஏற்ற பருவமோ அந்தச் சிறு வயதுதான். இந்த இடைவெளியைக் கருவிகள் நிரப்பின. 1970களில், கேமராவின் ஒளி விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது கண்பாப்பாவில் தோன்றும் பிறை வடிவத்தைக் கொண்டு குறையை ஊகிக்கும் முறை உருவானது. அதன் வழியில் வந்த கைக்கருவிகள் அகச்சிவப்பு ஒளியால், ஒரு மீட்டர் தள்ளி நின்றே, சில நொடிகளில் இரு கண்களையும் அளக்கின்றன. மாறுகண்ணும் தெரிந்துவிடும். கென்யாவில் ஆசிரியர்கள் கைப்பேசிச் செயலி கொண்டே மாணவர்களைச் சோதித்தார்கள். தமிழ்நாட்டில் அரவிந்த் மருத்துவர்கள் பங்கேற்று, கண்ணின் பவரை அளக்கும் கையடக்க அலைமுகக் கருவி ஒன்றை 708 பேரிடம் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் நேரில் செல்கின்றன.

இருந்தும் கருவி தரும் எண்ணை அப்படியே கண்ணாடியாக்குவதில்லை. குழந்தையின் கண் தசை அருகிலுள்ளதைப் பார்க்க எளிதில் இறுகும். இல்லாத கிட்டப்பார்வை இருப்பதுபோல் காட்டும். ஆகவே குறை தென்படும் பிள்ளையை மருத்துவமனைக்கு அனுப்பி, சொட்டுமருந்தால் தசையைத் தளர்த்தி, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சி அளக்கும் ரெட்டினாஸ்கோப்பால் பார்த்த பிறகே பவர் எழுதுகிறார்கள்.