மொன்டிகோ பே பப்டிஸ்ற் சபையும் 1831 ஆம் ஆண்டு அடிமைகளின் வேலைநிறுத்தமும்

சமயத்தை அபினியோடு ஒப்பிட்டு 1844 இல் கார்ல் மார்க்ஸ் எழுதியதை அறியாதார் இலர். ஆயின், சமயத் துயரம் மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கு எதிரான கண்டனமாகவும் ஒருங்கே அமைகின்றது என அதே பந்தியில் அவர் சுட்டியமை அத்துணை கவனத்தைப் பெறவில்லை. 1850 இல் ஜேர்மனிய விவசாயிகள் போரைப் பற்றி எழுதிய எங்கெல்ஸ், தோமஸ் முன்சரின் இறையியலுக்குள்ளே உழவரின் வர்க்கக் கோரிக்கைகளை இனங்கண்டார். இவ்விரு கருத்துக்களையும் மனங்கொண்டு ஒரு திருச்சபையின் வரலாற்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொள்ளும் சபை, ஜமேக்காத் தீவின் வடமேற்குக் கரையிலுள்ள மொன்டிகோ பே நகரின் பப்டிஸ்ற் சபையாகும்.

1831 டிசெம்பர் இறுதியில் அத்தீவில் மூண்ட அடிமைகளின் எழுச்சிக்குப் 'பப்டிஸ்ற் போர்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அதனைத் தூண்டியோர் மிஷனரிமாரே என்றனர் தோட்ட முதலாளிகள். மிஷனரிமார் அதனை முற்றாக மறுத்தனர். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு கூற்றுக்களுக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு: சபை என்பது மிஷனரியின் படைப்பு; அவனது சொற்படி அது இயங்கும் அல்லது இயங்காது விடும் என்பதே அது. இவ்வெடுகோள் பொருந்தாது என்பது எமது வாதம்.

1

ஜமேக்காவில் பப்டிஸ்ற் சமயம் ஐரோப்பிய மிஷனரிகளால் தொடங்கப்பட்டதன்று. அதனைக் கொணர்ந்தவர் ஜோர்ஜ் லைல் என்னும் கறுப்பினத்தவர். அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் அடிமையாயிருந்து எசமானால் விடுவிக்கப்பட்ட இவர், அமெரிக்க சுதந்திரப் போரில் தோற்ற பிரித்தானியர் வெளியேறியபோது அவர்களுடன் புறப்பட்டு, பயணச் செலவின் கடனைத் தீர்க்கும் ஒப்பந்தத் தொழிலாளியாகக் கிங்ஸ்ரன் வந்தடைந்தார். 1780 களின் நடுப்பகுதியில் அந்நகரிலே அடிமைகளுக்கும் விடுதலை பெற்றோருக்கும் போதிக்கத் தொடங்கினார். இங்கிலாந்தில் பப்டிஸ்ற் மிஷனரிச் சங்கம் நிறுவப்பட்டது 1792 இல். அச்சங்கம் ஜமேக்காவுக்கு முதல் மிஷனரியாக ஜோன் ரோவை அனுப்பியது 1814 இல். மிஷனரி வருமுன்னரே ஏறத்தாழ முப்பது ஆண்டுக்காலம் சபை அங்கே வாழ்ந்துகொண்டிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

லைலிடம் ஞானஸ்நானம் பெற்ற மோசஸ் பேக்கர் மேற்கே சென் ஜேம்ஸ் பகுதிக்குச் சென்றார். ஐசக் லசெல்ஸ் வின் என்னும் குவேக்கர் சமயத்தவரான தோட்ட உடைமையாளர், தம் அடிமைகளுக்குப் போதிக்குமாறு அவரை அழைத்திருந்தார். வின் விலைக்கு வாங்கிய அடிமைகளுட் சிலர் ஏற்கெனவே லைலின் சபையைச் சேர்ந்தோராயிருந்தனர். அடிமை வாணிகம் மனிதரை இடம்பெயர்த்தபோது அவர்தம் சபையும் உடன் பெயர்ந்தது. பேக்கர் குரூக்கெட் ஸ்பிரிங்கில் வளர்த்த சபையே பின்னர் மொன்டிகோ பே சபைக்கு வேராயமைந்தது. இங்கிலாந்திலிருந்து போதகரை அனுப்புமாறு வேண்டியவர்களுள் பேக்கரும் ஒருவர்.

இத்தொடக்ககாலச் சபையைப் புரட்சிகரமானது எனக் கொள்வது மிகையாகும். எசமானின் அனுமதியின்றி எந்த அடிமையையும் சேர்ப்பதில்லை என்பது லைலின் சபை உடன்படிக்கையின் விதிகளுள் ஒன்று. தோட்ட முதலாளிகளின் ஐயத்தை நீக்கியே சபை பிழைக்கவேண்டியிருந்தது. ஆயினும் எசமானுக்குக் காட்டிய முகம் ஒன்றாகவும், இரவுக் கூட்டங்களில் விளங்கிய முகம் பிறிதொன்றாகவும் இருத்தல் கூடும் என்பதைப் பிந்திய நிகழ்ச்சிகள் உணர்த்துகின்றன.

2

1824 இல் தோமஸ் பேர்ச்செல் இங்கிலாந்திலிருந்து வந்து மொன்டிகோ பே சபையின் பொறுப்பை ஏற்றார். சங்கம் தன் மிஷனரிகளுக்கு விதித்திருந்த கட்டளை தெளிவானது: குடியியல் விவகாரங்களிலும் அரசியலிலும் தலையிடலாகாது. போதனையின் உள்ளடக்கம் பணிவும் பொறுமையுமே. இதனை மட்டும் நோக்கின், சபை ஆளும் வர்க்கத்தின் கருவி என எளிதில் முடிவுசெய்துவிடலாம். ஆனால் போதனையின் உள்ளடக்கத்தைக் காட்டிலும் சபையின் அமைப்பு வடிவமே வரலாற்றில் வலிமையுடையதாய்த் தொழிற்பட்டது.

விரல்விட்டு எண்ணத்தக்க மிஷனரிமார் ஆயிரக்கணக்கான அங்கத்தவர்களை நேரடியாக மேற்பார்வை செய்தல் இயலாதாயிற்று. எனவே சபை சிறு சிறு வகுப்புக்களாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு வகுப்பிற்கும் ஒரு தலைவர் அமர்த்தப்பட்டார். அங்கத்தவர்க்குச் சீட்டு வழங்கப்பட்டு, குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. வகுப்புத் தலைவர்களுட் பெரும்பாலோர் அடிமைகளே. இவர்களிற் பலர் தச்சர், கொல்லர், கங்காணிமார், வீட்டுப் பணியாளர் எனத் தோட்டத்தின் எல்லை கடந்து நடமாடும் வாய்ப்புப் பெற்றவர்கள்.

தோட்ட முறை அடிமைகளைத் தோட்டந்தோறும் பிரித்துவைத்தது. சபை அவர்களைத் தோட்டங்களுக்கு அப்பால் இணைத்தது. ஒரு தோட்டத்தார் பிறிதொரு தோட்டத்தாரை ஞாயிறுதோறும் சட்டபூர்வமாகச் சந்திக்கக்கூடிய இடங்கள் சந்தையும் தேவாலயமுமே. செய்தி பரவுவதற்கான வலைப்பின்னல், நம்பிக்கைக்குரிய தலைவர்கள், உறுதிமொழி ஏற்கும் மரபு, இரகசியம் காக்கும் பழக்கம் என ஒரு தொழிற்சங்கத்துக்கு வேண்டியன யாவும் ஒரு சமயச் சபைக்குள்ளே உருவாகியிருந்தன. தீவு முழுவதிலும் 1831 அளவில் பப்டிஸ்ற் அங்கத்தவர் தொகை பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது.

3

சாமுவேல் ஷார்ப் மொன்டிகோ பே நகரில் வாழ்ந்த அடிமை; எழுத்தறிவுடையவர்; பேர்ச்செலின் சபையிலே உதவிக்குருவாய்ப் பணியாற்றியவர். அதேவேளை, மிஷனரியின் கண்காணிப்புக்குப் புறம்பாக இயங்கிய 'சுதேச பப்டிஸ்ற்' குழுக்கள் மத்தியில் 'டாடி' என மதிக்கப்பெற்றவர். இவ்விரட்டை நிலையே அவரது முக்கியத்துவத்துக்கு அடிப்படையாகும்.

அவர் வேதாகமத்தோடு செய்தித்தாளையும் வாசித்தார். அடிமை ஒழிப்புப் பற்றிப் பிரித்தானியாவில் நடைபெற்ற விவாதங்களை எழுத்தறியாதாருக்கு எடுத்துரைத்தார். மறுபுறத்தில் தோட்ட முதலாளிகள் 1831 இன் நடுப்பகுதியில் பகிரங்கக் கூட்டங்கள் கூட்டிப் பாராளுமன்றத்தைக் கண்டித்ததுடன், ஐக்கிய அமெரிக்காவுடன் சேர்ந்துவிடுவதாகவும் அச்சுறுத்தினர். எசமானரின் ஆத்திரத்தைக் கண்ட அடிமைகள், விடுதலை ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது, அதனை மறைக்கின்றனர் என ஊகித்ததில் வியப்பில்லை. சுகவீனங் காரணமாக இங்கிலாந்து சென்றிருந்த பேர்ச்செல் விடுதலைப் பத்திரத்துடன் திரும்புவார் என்ற வதந்தியும் பரவியது.

ஷார்ப் வகுத்த திட்டம் எளிமையானது. நத்தார் விடுமுறை முடிந்ததும் எவரும் வேலைக்குத் திரும்பலாகாது. கூலி தர இணங்கினால் மட்டுமே வேலை. கரும்பு அறுவடை தொடங்கும் பருவம் அது. வயலில் முற்றி நிற்கும் கரும்பை வெட்ட ஆளில்லையெனின் முதலாளி இணங்கியே தீரவேண்டும். உழைப்பை நிறுத்தும் ஆற்றலே உழைப்பாளியின் ஆயுதம் என்பதை இவ்வடிமைகள் எந்த நூலின் துணையுமின்றி உணர்ந்திருந்தனர். வழிபாடு முடிந்தபின் நடைபெற்ற கூட்டங்களிலே வேதாகமத்தின்மீது கைவைத்துச் சத்தியஞ் செய்யப்பட்டது. பலாத்காரம் பிரயோகிக்கப்படின் எதிர்த்து நிற்பதற்கு ஆயுதக் குழுவொன்றும் ஆயத்தமாகியிருந்தது.

டிசெம்பர் 27 ஆம் திகதி பகலில், குரூக்கெட் ஸ்பிரிங் சபையின் வழிவந்த சோல்ற்றர்ஸ் ஹில் என்னுமிடத்துப் புதிய தேவாலயம் திறந்துவைக்கப்பட்டது. பல்மத் நகரின் மிஷனரியான வில்லியம் நிப் அங்கே, விடுதலை வழங்கப்பட்டதென்ற செய்தி பொய், வேலைக்குத் திரும்புங்கள் என மன்றாடினார். சபையார் அதிருப்தியுடன் கலைந்தனர். அன்றிரவு கென்சிங்டன் தோட்டம் தீப்பற்றி எரிந்தது. மலையுச்சியில் எழுந்த அத்தீயைத் தொடர்ந்து தோட்டந்தோட்டமாகத் தீ பரவியது. மிஷனரியின் சொல்லும் சபையின் செயலும் ஒரே நாளில் எதிரெதிர்த் திசையிற் சென்றமை, சபை யாருடையது என்ற வினாவுக்குத் தெளிவான விடையாகும்.

தீவின் ஏறத்தாழ மூன்று இலட்சம் அடிமைகளுள் அறுபதினாயிரம் வரையானோர் இவ்வெழுச்சியிற் பங்குகொண்டதாக மதிப்பிடப்படுகின்றது. இராணுவமும் குடிப்படையும் சில வாரங்களில் அதனை நசுக்கின. வெள்ளையருள் இறந்தோர் 14 பேர். அடிமைகளுள் ஏறத்தாழ இருநூறு பேர் மோதல்களில் மாண்டனர். முந்நூறுக்கு மேற்பட்டோர் அவசர விசாரணைகளின்பின் கொல்லப்பட்டனர். 1832 மே 23 ஆம் திகதி மொன்டிகோ பே சந்தைச் சதுக்கத்தில் ஷார்ப் தூக்கிலிடப்பட்டார். அவரது பெறுமதியாக 16 பவுண் 10 சிலிங் உடைமையாளருக்கு வழங்கப்பட்டது. மனிதன் பண்டமாக்கப்பட்டமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

ஷார்பின் எண்ணங்களை நாம் அறிவது பெரும்பாலும் சிறையில் அவரைச் சந்தித்த மெதடிஸ்ற் மிஷனரி ஹென்றி பிளெபி 1853 இல் வெளியிட்ட நூல்வழியாகவே. அடிமையாய் வாழ்வதினும் தூக்குமரமே மேல் என அவர் கூறியதாகப் பிளெபி பதிந்துள்ளார். இரு எசமானர்க்கு ஒருவன் ஊழியஞ் செய்ய முடியாது என்ற விவிலியக் கருத்தையும், மனிதர் பிறப்பால் சமமானோர் என்ற வாதத்தையும் அவர் எடுத்தாண்டதாகவும் அறிகிறோம். பணிவைப் போதிக்கப் பயன்பட்ட அதே பனுவல், வேறொரு வர்க்க நிலையினின்று வாசிக்கப்பட்டபோது கிளர்ச்சிக்கு நியாயமாயிற்று. இலக்கிய மாணவர் இதனை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். பனுவலின் பொருள் பனுவலுக்குள் மட்டும் அடங்கியிருப்பதன்று.

4

எழுச்சியை அடுத்து, அங்கிலிக்கன் குருவான ஜோர்ஜ் வில்சன் பிரிட்ஜஸ் முன்னின்று அமைத்த 'குடியேற்றத் திருச்சபை ஒன்றியம்' பப்டிஸ்ற், மெதடிஸ்ற் தேவாலயங்களைத் தகர்த்தது. 1832 பெப்ரவரியில் பேர்ச்செலின் தேவாலயமும் இடித்தழிக்கப்பட்டது. இதன் விளைவு முதலாளிகள் எண்ணியதற்கு மாறாயிற்று. அதுவரை நடுநிலை பேசிய மிஷனரிமார், அடிமைமுறையும் சமயப்பணியும் ஒருங்கே நிலைக்க இயலாது என்ற முடிவுக்கு வரலாயினர். நிப் இங்கிலாந்து சென்று பாராளுமன்றக் குழுக்களின் முன்னே சாட்சியமளித்தார். மிஷனரி மக்களை மாற்றியதிலும் பார்க்க, மக்களே மிஷனரியை மாற்றினர் எனல் பொருந்தும்.

1833 இல் அடிமை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. 1944 இல் வெளிவந்த தமது நூலில் எரிக் வில்லியம்ஸ், மேற்கிந்தியச் சீனிப் பொருளாதாரத்தின் வீழ்ச்சியையும் பிரித்தானியக் கைத்தொழில் முதலாளித்துவத்தின் தேவைகளையும் இம்மாற்றத்துக்கு அடிப்படையாய்க் கண்டதோடு, அடிமைகளின் கிளர்ச்சிகளுக்கும் உரிய இடமளித்தார். உடைமையாளருக்கு இரண்டு கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அடிமைகளுக்கோ எதுவுமில்லை, 1834 ஆகஸ்ட் 1 முதல் 'பயிலுநர்' என்ற புதுப்பெயருடன் அவர்கள் கூலியின்றித் தொடர்ந்து உழைக்க நேர்ந்தது. முழு விடுதலை 1838 ஆகஸ்ட் 1 ஆம் திகதியே கிட்டியது.

5

விடுதலைக்குப்பின் எழுந்த பிரச்சினை நிலம் பற்றியதாகும். தோட்டத்துக் குடிசைக்கு வாடகை விதித்து, வேலைக்கு வராதவரை வெளியேற்றி, முதலாளிகள் பழைய பிடியைத் தக்கவைக்க முயன்றனர். பப்டிஸ்ற் சபைகள் நிலத்தை மொத்தமாக வாங்கிச் சிறு துண்டுகளாக மக்களுக்கு விற்றன. 1835 இல் ஜேம்ஸ் பிலிப்போ தொடக்கிய சிலிகோவில் இத்தகைய சுதந்திரக் கிராமங்களுள் முதலாவதாகும். சென் ஜேம்ஸ் பகுதியில் பேர்ச்செல் தொடங்கிய மவுண்ட் கேரியும் குறிப்பிடத்தக்கது. தேவாலயமும் பள்ளிக்கூடமும் சிறு காணிகளுமாக இக்கிராமங்கள் ஒரு சுதந்திர உழவர் சமுதாயத்துக்கு வித்திட்டன. 1842 இல் ஜமேக்காவின் பப்டிஸ்ற் சபைகள் இலண்டன் சங்கத்தின் நிதியுதவியிலிருந்து விலகித் தம் காலில் நிற்க முடிவுசெய்தன.

எனினும் இக்கிராமங்களின் வரையறைகளையும் காணத் தவறலாகாது. மிஷனரி கனவுகண்டது இங்கிலாந்தின் நடுத்தர வர்க்க ஒழுக்கத்தைப் பின்பற்றும் பணிவான உழவனை என்பதைக் கதரின் ஹோல் 2002 இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக எடுத்துக்காட்டுகின்றது. நிலமற்றோரின் வறுமை தொடர்ந்தது. 1865 ஒக்ரோபரில் தீவின் மறுமுனையான மொரன்ற் பேயில் நீதியும் நிலமும் கோரி எழுந்த மக்களுக்குத் தலைமை தாங்கிய போல் போகிள், சுதேச பப்டிஸ்ற் சபையின் உதவிக்குருவே. தேசாதிபதி எயரின் படைகள் நானூறுக்கு மேற்பட்டோரைக் கொன்றன. ஷார்பின் மரபு மிஷனரிச் சபையைக் காட்டிலும் சுதேச சபையிலேயே முனைப்பாக வெளிப்பட்டது எனலாம்.

1975 இல் ஜமேக்க அரசு ஷார்பைத் தேசிய வீரராகப் பிரகடனஞ் செய்தது. அவர் தூக்கிலிடப்பட்ட சதுக்கம் இன்று அவர் பெயரையே தாங்குகின்றது. கடற்கரை மணலில் முதலிற் புதைக்கப்பட்ட அவரது எச்சங்கள் பின்னர் மீட்கப்பட்டு, மீளக் கட்டப்பட்ட தேவாலயத்தின் பிரசங்க மேடையின்கீழ் வைக்கப்பட்டன. அத்தேவாலயமோ பேர்ச்செலின் பெயரால் வழங்குகின்றது.

இப்பெயர் வழக்கு எமக்கும் ஒரு செய்தியைக் கூறுகின்றது. ஜமேக்காவுக்கு ரோவை அனுப்பிய அதே சங்கத்தின் சார்பில், 1812 இல் ஜேம்ஸ் சேற்றர் கொழும்பு வந்தார். ஈழத்தில் மிஷன் வரலாறு பெரும்பாலும் இத்தகையோரின் வரலாறாகவும், அவர்கள் நிறுவிய கல்லூரிகள், அச்சகங்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. சபையில் அமர்ந்திருந்தோர் யாவர், அவர்தம் சாதியும் தொழிலும் யாவை, கேட்ட போதனையை அவர்கள் எவ்வாறு விளங்கிக்கொண்டனர் என்பன இன்னமும் போதிய அளவு ஆராயப்படாத வினாக்கள். மிஷனரி அறிக்கைகளை அவற்றை எழுதியோரின் நோக்கினின்று விலகி நின்று வாசிப்பின், சபைப் பதிவேடுகளிலே வெறும் எண்களாய் நிற்கும் மக்கள் வரலாற்றின் கருத்தாக்களாய் வெளிப்படுவர். மொன்டிகோ பேயின் அனுபவம் அத்தகைய ஆய்வுக்கு உரிய வழியைக் காட்டுகின்றது.