கட்டமும் கேள்விக்குறியும்

இணையத்தில் தமிழ் வளர்ந்த வரலாற்றைப் பேசும்போது நாம் மின்னிதழ்களையும் மின்னூல்களையும் நினைவுகூர்கிறோம். படிவங்களில் இருந்த சிறிய உரைப்பெட்டியை மறந்துவிடுகிறோம். வாசகர் தம் பெயரையும் ஊரையும் தமிழில் எழுதிப் பார்த்த இடம் அது. எழுதியது தெரியாமற்போன இடமும் அதுவே.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டித் தமிழக அரசு டாம், டாப் என்னும் குறியேற்றங்களை ஏற்றது. அதே காலத்தில் அயலகத் தமிழரிடையே திஸ்கி பரவியிருந்தது. திஸ்கி, டாப் இரண்டிலும் உத்தி ஒன்றுதான். 256 இடங்களில் முதற்பாதியை ரோமன் எழுத்துக்கு விட்டுவிட்டு, மறுபாதியில் தமிழ் வடிவங்களைக் குடியேற்றினார்கள். கணினியைப் பொறுத்தவரை அம்மறுபாதி, தலையில் குறியேந்திய ஐரோப்பிய எழுத்துகளுக்கு உரியது. இன்ன எழுத்துருவில் காட்டு என்று பக்கம் ஆணையிட்டால் தமிழ் தெரியும். உரைப்பெட்டியை அவ்வாணை பெரும்பாலும் எட்டவில்லை. உலாவி தன் சொந்த எழுத்துருவையே அங்கே பயன்படுத்தியது. எனவே பக்கம் முழுதும் தமிழாயிருக்க, நாம் தட்டச்சிட்டது மட்டும் பிரெஞ்சுக்காரர் கோபத்தில் கிறுக்கியதுபோல் நின்றது. அனுப்பிய பின் அதுவே பக்கத்தில் நல்ல தமிழாய் வந்தமர்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு எழுதப் பழகிய தலைமுறை அது.

1991 இல் வெளிவந்த யுனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. விண்டோஸ் 2000 இல்தான் அவ்வியங்குதளம் அதைத் தாங்கத் தொடங்கியது. 2010 இல் தமிழக அரசும் யுனிகோடை ஏற்றது. குறியேற்றச் சண்டை ஓய்ந்தது. மறைவு ஓயவில்லை, வடிவம் மாறியது.

இன்று பெட்டியில் தமிழ் தெரியாவிடில், முதலில் பார்க்க வேண்டியது எது தெரிகிறது என்பதை. வெற்றுக் கட்டங்கள் தெரிந்தால் எழுத்து பத்திரமாக இருக்கிறது, அதை வரையும் எழுத்துருதான் இல்லை. அப்படியே நகலெடுத்துத் தமிழ் தெரியும் வேறிடத்தில் ஒட்டினால் உயிர்பெறும். குறியேந்திய ரோமன் எழுத்துகள் தெரிந்தால், எழுத்து இருக்கிறது, தவறாக வாசிக்கப்படுகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததை யுனிகோடுப் படிவத்தில் ஒட்டும்போது வெறும் ரோமன் எழுத்துகள் வருவதும் இவ்வகையே. உரிய எழுத்துருமாற்றி பெரும்பாலும் மீட்டுத் தரும். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் நிலைமை வேறு. தமிழறியாக் குறியேற்றத்துக்கு மாற்ற முயன்ற நிரல், மாற்ற இயலாத ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. அங்கே மறைந்திருப்பது எதுவுமில்லை, மீட்கவும் வழியில்லை.

நான்காவது வகைக்கு நம் வட்டாரத்து ஊர்களே சான்று. 'அம்பத்தூர்' என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் 6. யுனிகோடில் புள்ளியும் உயிர்க்குறியும் தனியே எண்ணப்படுவதால் குறிகள் 10; யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட்டாக 30 பைட். 'ஆவடி' 12 பைட்டில் அடங்கும். 'பூந்தமல்லி' 30 பைட். அதையே 'பூவிருந்தவல்லி' என்று விரித்து எழுதினால் 42. ஆங்கிலத்துக்கு எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும் என்று கணக்கிட்டு 20 பைட் ஒதுக்கிய பெட்டியில் ஆவடிக்காரருக்குக் குறையிராது. அம்பத்தூர்க்காரரின் ஊர் 'அம்பத்' என்று நின்றுவிடும். எஞ்சிய இரண்டு பைட்டும் எந்த எழுத்தும் ஆகாமல் சிதைவுக்குறியாய்த் தொங்கும். பைட்டை எண்ணாமல் குறிகளை எண்ணும்படி களத்தை அமைப்பதே இதற்கு மருந்து.

சுவடி பயின்றோருக்கு இவ்வேறுபாடு புதிதன்று. ஏட்டில் புள்ளி இடும் வழக்கம் இல்லை. எகரமா ஏகாரமா, காலா ரகரமா என்ற ஐயம் எங்கும் எழும். யாப்பும் பொருளும் அறிந்த பதிப்பாசிரியர் அவற்றைத் தீர்த்துவைத்தார். எழுத்து அங்கே மறைந்திருந்தது, அழிந்திருக்கவில்லை. செல்லரித்த இடத்தில் எத்தனை புலமை இருந்தும் பயனில்லை. கட்டம் புள்ளியில்லா ஏடு. கேள்விக்குறி செல்லரித்த ஏடு.

ஒரு வேறுபாடு உண்டு. செல் நூறாண்டில் செய்ததைப் பொருந்தாத தரவுதளம் ஒரு நொடியில் செய்கிறது. பெட்டியில் எழுதியவருக்கு அது தெரிவதும் இல்லை. இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் வாசகர் எழுதிய கடிதங்களும் விவாதங்களும் நம் இலக்கிய வரலாற்றின் பகுதி. திஸ்கியில் கிடப்பவை இன்றும் மாற்றக்கூடியவை. தளத்தை வேறிடத்துக்கு மாற்றும்போதுதான் அவை கேள்விக்குறியாகும் ஆபத்து மிகுதி. ஆகவே மாற்றுமுன் மூலத்தின் நகலை அப்படியே எடுத்து வைக்க வேண்டும். 'பூந்தமல்லி' என்று ஒரு பெட்டியில் எழுதிச் சேமித்து, திரும்ப அழைத்துப் பார்த்த பின்பே மற்றதைத் தொட வேண்டும். படிவத்தை நிரப்புவோரும் நீண்ட உரையைத் தம் கோப்பில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஒட்டுவது நலம். ஏடு பெயர்த்தெழுதியவர்கள் மூலச்சுவடி இருக்கும்போதே ஒப்புநோக்கினார்கள். நமக்கும் அதுவே வழி.