டொம் நூக்கும் கங்காணியும்

2020 மார்ச் 20 மாலை நாடு முழுக்க ஊரடங்கு. ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ வெளியானதும் அன்றைக்குத்தான். பிறகு மாமா வாங்கித் தந்த சுவிட்சில், ஹட்டன் பக்கத்து லயக் காம்பராவுக்குள் மாத்தி மாத்தி விளையாடினோம். தீவில் கால் வைத்ததுமே டொம் நூக் நம்மைக் கடனாளி ஆக்கிவிடுவார். முதல் வீட்டுக்கு 98,000 பெல்ஸ். வட்டியும் இல்லை, கெடுவும் இல்லை. மீன் பிடித்து, பழம் விற்று அடைக்கலாம்.

எங்கள் பூட்டன்மாரும் கடனோடுதான் வந்தார்கள். வழிச்செலவு கங்காணி கணக்கில் ஏறும். தோட்டம் மாற, கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேணும். புதுத் தோட்டம் காசு கட்டினால் ஆள் கைமாறுவார், கடனும் கூடவே போகும். 1921இல் சட்டம் துண்டை ஒழித்தது. லயம் தோட்டத்துக்கே சொந்தமாக இருந்தது.

நாங்க நூக்கின் கடனை அடைச்சு முடிச்ச அன்னைக்கு, கொழுந்துக் கூடையை இறக்கிவச்ச அம்மா கேட்டாங்க: “உறுதி குடுத்தாங்களா?”